நாலாவது கம்பு

வாரத்தில் ஆறு நாளும் காயல் ரோட்டில் பஸ் ஓட்டுகிற மனுஷன், லீவு நாளிலும் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அதே காயலுக்குப் போனால் என்ன அர்த்தம்? ஊழியர் பாஸ் இருக்கிறது, சரி. பாஸ் இருக்கிறதே என்று யாராவது வேலை பார்க்கிற இடத்துக்கே உல்லாசப் பயணம் போவார்களா?

என் வீட்டுக்காரர் போனார். மழை விட்டதிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் போனார். கேட்டால், "நடக்கப் போறேன். டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்பார். எந்த டாக்டர் என்று கேட்டால், "எல்லா டாக்டரும்தான் நடக்கச் சொல்றாங்க" என்பார். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்றால், "பறவை" என்பார். இப்படி வழுக்கிக்கொண்டு போகிற பதில் எனக்கு நன்றாகவே பழக்கம். அந்த மாதிரிப் பதில்களைக் கேட்பதுதான் என் பிழைப்பே.

நான் பஸ் டிப்போவில் சாவி கொடுக்கிறவள். விடிவதற்கு முன்னால் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் பின்னால் ஆணியடித்த பலகையில் சாவிகள் தொங்கும். டிரைவர்கள் வரிசையில் வருவார்கள். நான் நீட்டுகிற கருவியில் ஒவ்வொருவரும் ஊத வேண்டும். ராத்திரி குடித்தது வயிற்றில் மிச்சம் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஊதினால் மட்டும் போதாது. முகத்தைப் பார்ப்பேன். தூங்கின முகமா, காய்ச்சல் முகமா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகமா என்று பார்த்து, சரியில்லை என்று பட்டால் அன்றைக்குச் சாவி கிடையாது. அந்த அதிகாரம் எனக்கு உண்டு. மேலே இருப்பவர்களும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 'சாவியக்கா கண்ணில் மண்ணைத் தூவ முடியாது' என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

என் வீட்டுக்காரரும் அதே வரிசையில்தான் நிற்பார். அவரையும் ஊதச் சொல்வேன். "வீட்டுலயும் ஊதிட்டுதான் உள்ள போவீங்களாண்ணே" என்று பின்னால் நிற்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஊதிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவருக்குச் சாவி இல்லை என்று நான் சொன்னதில்லை. சொல்லும்படி அவர் வைத்துக்கொண்டதும் இல்லை.

ஆனால் கொஞ்ச நாளாக அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதலில் என்னை உறுத்தியது அதுதான். பேச ஆரம்பித்தால் அவர் பார்வை என் காதோரமாக எங்கேயோ போய் நிற்கும். திரும்பிப் பார்த்தால் அங்கே வெறும் சுவர். கட்டினவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாத ஆளுக்கு மனசில் கள்ளம் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் போன். முன்பெல்லாம் என்னிடம் நீட்டி, "இத பாரேன்" என்று கண்டதையும் காட்டுவார். இப்போது யாருக்கும் எழுதுவதில்லை. வாயால் பேசி அனுப்புகிறார். வருவதைக் காதில் வைத்துக் கேட்கிறார். அதையும் பால்கனியில் நின்றுதான் கேட்பார். நான் துணி எடுக்கிற சாக்கில் போய் நின்றால் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். போதாக்குறைக்கு, காயலுக்குப் போகிற நாளில் மட்டும் முகச்சவரம், இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கல்யாண வீட்டுக்குக்கூட நான் கெஞ்சினால்தான் அந்தச் சட்டையைப் போடுவார்.

என் தங்கச்சியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"அத்தான் என்ன பாக்கப் போறாராம்?"

"பறவையாம்."

"முப்பது வருஷமா காக்காவைக்கூட நிமிந்து பாக்காத மனுஷன். இப்பப் பறவையாம். நீயும் நம்பிக்கிட்டு உக்காந்திரு."

நம்பவில்லை, அதுதானே பிரச்சினை. அந்த வாரம் நானும் வருகிறேன் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"உனக்குக் கால் வலிக்கும்" என்றார், என் காதைப் பார்த்து.

காயல் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் இலவசமாக மடிப்புத்தாள் வைத்திருப்பார்கள். 'காயல் காப்பகம்: எளிய நடைகள்'. டிப்போவிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒன்றை எடுத்துப் படித்தேன். மூன்று நடை போட்டிருந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து பறவைக் குடில் வரைக்கும் மரப்பலகைப் பாதை. சக்கர நாற்காலியும் போகும். இரண்டாவது, கண்டல் காட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவது, வழியெல்லாம் பெஞ்சு. மூன்றாவது, காயல் கடலோடு சேர்கிற முகத்துவாரம் வரைக்கும். அதுதான் கொஞ்சம் நீளம், அதுவும் தட்டையான பாதை, மேடு பள்ளம் கிடையாது. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். குழந்தை நடக்கிற பாதையில் எனக்குக் கால் வலிக்குமாம். அந்த மடிப்புத்தாளைப் படித்து முடித்தபோது போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய அடுத்த லீவு நாளில் எனக்குப் பதிலாக வேறொருத்தியை ஜன்னலில் உட்கார வைத்தேன். தங்கச்சி தன்னுடைய அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நான் வாழ்நாளில் போட்டிராத பூப்போட்ட உடை எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். போதாதென்று அவளுடைய சென்ட்டையும் என்மேல் அடித்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே நான் யாரென்று தெரியவில்லை. டிப்போ ஆட்கள் கண்ணில் படாமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்க் கடைசி வரிசையில் ஏறிக்கொண்டேன். அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வந்தார். நீலச் சட்டைதான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினோம். காப்பகத்தின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். காக்கித் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, ஆண்பிள்ளை மாதிரி பெரிய பூட்ஸ். இவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். இவரும் தூக்கினார். சந்தேகப்படுவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் பலகைப் பாதையில் நடந்தார்கள். நான் நடுவில் ஒரு குடும்பத்தை விட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். பாதையின் இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து வேரைத் தூக்கிக்கொண்டு நின்றன. அடியில் நண்டுகள் ஓடின. காற்றில் உப்பும் சேறும் கலந்த வாடை. இடம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்ல இடத்துக்கு என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே.

குடிலுக்கு வெளியே அவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் மறுபடியும் கேட்டார். அவள் அவர் தோளில் கையை வைத்து, அழுத்தமாக ஏதோ சொல்லிவிட்டு, முகத்துவாரத்துப் பாதையில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள். நானும் இவரிடம் எத்தனையோ தடவை அப்படிக் கோபித்துக்கொண்டு போனவள்தான், எனக்குத் தெரியாதா? அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுக் குடிலுக்குள் போனார்.

இதுதான் சமயம் என்று நானும் உள்ளே போனேன். மரத்தால் கட்டின இருட்டான அறை. சுவரில் நீளமாக ஒரு பிளவு. அதன் வழியாகத்தான் பறவைகளைப் பார்க்க வேண்டும். 'உள்ளே பேசாதீர்கள். அவசியமானால் கிசுகிசுக்கவும்' என்று பலகை தொங்கியது. பெஞ்சில் அவர் மட்டும் இருந்தார். நான் நேராகப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். என்ன சொல்லப் போகிறாய், சொல் பார்க்கலாம் என்று நின்றேன்.

அவர் நிமிர்ந்தார். என் காதோரமாகப் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து, கிசுகிசுப்பாக, "உக்காருங்கம்மா, இடம் இருக்கு" என்றார்.

நான் ஆடிப்போய்விட்டேன். என்ன நெஞ்சழுத்தம். கட்டின பொண்டாட்டியைப் பார்த்து யாரோ எவளோ மாதிரி உட்காருங்கம்மா என்கிறார். எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஒரு சின்ன உதவி பண்றீங்களா?" அவர் பிளவு வழியாகக் கையைக் காட்டினார். "தண்ணிக்குள்ள வரிசையா கம்பு நட்டிருக்கு பாருங்க. எந்தெந்தக் கம்புல பறவை இருக்குனு நான் சொல்றேன். சரியா தப்பானு மட்டும் சொல்லுங்க."

நான் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கம்புகள் கரையிலிருந்து வரிசையாகப் போயின.

"மொதல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல கொக்கு. மூணாவதுல சின்னதா ஏதோ இருக்கு. நாலாவது காலி." அவர் நிறுத்தினார். "நாலாவது காலிதானே?"

நாலாவது கம்பின் மேல் ஒரு நீர்க்காகம் இருந்தது. பெரியது, கன்னங்கறுப்பு. இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் இருக்கிறவர்கள் பார்க்காமல் இருக்க முடியாது.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் நடிப்பு இல்லை. காலையில் ஜன்னலில் எத்தனையோ முகம் பார்த்தவள் நான். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. பயந்துபோய், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம்.

"ஏன் கேக்கறீங்க?" கிசுகிசுத்தேன். கிசுகிசுப்பில் குரல் தெரியாது என்பதை அந்த நிமிஷம்தான் கற்றுக்கொண்டேன்.

"நான் பஸ் ஓட்டுறவன்மா. கொஞ்ச நாளா பார்வைல நடுவுல மட்டும் புகை விட்ட மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் பளிச்சுனு தெரியுது. ரோடு தெரியுது, பக்கத்துல வர்ற வண்டி தெரியுது. நேரா பாத்தாதான் மறைக்குது. டிப்போல வருஷா வருஷம் கண்ணுக்குப் பரீட்சை வெப்பாங்க, ஆனா ஆதி காலத்துலேருந்து ஒரே பலகை. எழுத்தெல்லாம் மனப்பாடம். அதான் நானே ஒரு பரீட்சை வெச்சுக்கிட்டேன். அந்த நாலாவது கம்பு, பிரேக் போட்டா வண்டி நிக்கிற தூரம். அதுல ஒரு பறவை இருக்கறது தெரிஞ்சா, ரோட்டுக்கு நடுவுல ஓடி வர்ற பிள்ளையும் தெரியும். என்னைக்குத் தெரியலையோ அன்னைக்கு வண்டியை விட்டுர்றது."

"வாசல்ல நின்னாங்களே, அவங்க?"

"அவங்க வாராவாரம் பறவை எண்ண வர்றவங்க. அவங்ககிட்டதான் கேட்டுட்டிருந்தேன். இனிமே சொல்லமாட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கனு திட்டிட்டுப் போயிட்டாங்க."

"வீட்டுல கேக்கலாமே."

அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. "எங்க வீட்டம்மாதான் டிப்போல சாவி குடுக்கறவ. அவகிட்ட கேட்டா உண்மையைச் சொல்லிருவா. அவளுக்குப் பொய் வராது. தெரிஞ்சப்புறம் சாவியும் தரமாட்டா. அவளுக்கு இப்ப என்மேல வேற சந்தேகம். எவளையோ பாக்கப் போறேன்னு. இருக்கட்டும்னு விட்டுட்டேன். இந்தச் சட்டையக்கூட அதுக்காகத்தான் போடறேன். கண்ணப் பத்தி யோசிக்கறதுக்கு அவ எவளையாவது பத்தி யோசிக்கட்டும்."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் அவர் என் காதைப் பார்த்ததெல்லாம் என் முகத்தைத் தேடித்தான். நேராகப் பார்த்தால் நான் மறைந்துபோவேன். முகம் பார்த்துச் சாவி கொடுக்கிறவளுக்கு, சொந்த வீட்டு முகம் தினம் ஜன்னலுக்கு வந்தும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது எவளையோ தேடிப் போகிற ஒரு புருஷன் மட்டும்தான்.

"நாலாவது காலிதானே?" மறுபடியும் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. ஆனால் அவர் என் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்த விதத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. வண்டியை விட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். லீவு நாளில்கூட அந்த ரோட்டைவிட்டு இருக்க முடியாதவர்.

"காலிதான்" என்று கிசுகிசுத்தேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லா இருங்கம்மா" என்று எழுந்து, தடுமாறாமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நீர்க்காகம் அப்படியேதான் இருந்தது.

அன்று மாலை வீட்டில் அவர் சந்தோஷமாக இருந்தார். இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கினார். "இன்னிக்கு நல்லா நடந்தேன்" என்றார்.

"யாரையாவது பாத்தீங்களா?"

"ஒரு அம்மாவைப் பாத்தேன். நல்ல மாதிரி. சென்ட்தான் கொஞ்சம் தூக்கல்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். தட்டைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று திரும்பி வந்தேன். அவர் நாளைக்குப் போட வேண்டிய காக்கிச் சட்டையை மடியில் வைத்து, விரலால் தடவித் தடவிப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. படுத்த பிறகு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதத்தில் சொன்னாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. பக்கத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். என் பொய்யை நம்பித் தூங்கினார்.

காலையில் நான் முன்னால் கிளம்பிவிட்டேன். ஜன்னலைத் திறந்தேன். வரிசை வந்தது. ஊதினார்கள், சாவி வாங்கினார்கள், போனார்கள். நான் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. அவர் வந்தார். கிண்டல் எழுந்தது. ஊதினார். சுத்தம். ஜன்னலின் கீழே இருக்கிற இடைவெளியில் கையை நீட்டினார்.

ஆணியிலிருந்து அவர் வண்டிச் சாவியை எடுத்தேன். காயல் ரோட்டில் அந்த நேரம் யார் யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் எந்த வளைவில் இருக்கிறது என்றும் தெரியும். சாவி என் கையிலேயே இருந்தது. கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், குடிலில் பேசின அதே கிசுகிசுப்பில் சொன்னேன்.

"நாலாவது கம்புல ஒரு நீர்க்காகம் இருந்துச்சு. சிறக விரிச்சுக்கிட்டு."

நீட்டின கை அப்படியே நின்றது. விரல்கள் மெல்ல மடங்கின.

"நீயா?" என்றார், அவரும் கிசுகிசுப்பாக.

"ம்."

"உனக்குப் பொய் வராதுனு நெனச்சேன்."

"நேத்து உண்மையச் சொல்ல மனசு வரல."

"இன்னிக்கு வந்துச்சாக்கும்."

"இன்னிக்கும் வரல. ஆனா வண்டியில ஆளு ஏறுவாங்க. ரோட்டுல பிள்ளைங்க போகும்."

பின்னால் நின்ற டிரைவர், "என்னண்ணே, ஊதச் சொன்னா ரகசியம் பேசறீங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு வண்டி கிடைக்காமல் காத்திருந்த மாற்று டிரைவரைக் கூப்பிட்டு, டிரைவர் சீட்டில் போட்டு உட்காருகிற தன்னுடைய மெத்தையை அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கு இன்னிக்கு முடியல. நீ எடு. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாமப் போடு. பள்ளிக்கூட வளைவுல வேகத்தக் கொறச்சுக்க."

மாற்று டிரைவர் ஊதினார். நான் முகத்தைப் பார்த்தேன். சாவியைக் கொடுத்தேன்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டிப் போயின. வரிசை தீர்ந்து, டிப்போ முற்றம் காலியான பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"அந்தக் கம்பு மொத்தம் எத்தனை?"

"நீங்க எத்தனைனு நெனச்சீங்க?"

"அஞ்சு."

"எதிர்க்கரை வரைக்கும் போகுதுங்க" என்றேன்.

"அவ்வளவு தூரமா" என்றார்.